கிண்ணத்தில் இருந்தது அஸ்கா

ஜேடர்பாளையம்
4.11.2024

அன்புள்ள கலைமணிக்கு,

மஞ்சுளா எழுதுவது. நானும் உன் அண்ணனும் நலம். மூன்று தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அண்ணன் வீட்டு எண் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை என்று கௌசிக் சொன்னான். அதனால்தான் கடிதம். பத்தாவது முடித்த பிறகு இவ்வளவு பெரிதாக நான் எதுவும் எழுதியதில்லை. பிழை இருந்தால் உன் காலேஜ் பிள்ளைகளுக்குச் செய்வது மாதிரி சிவப்பு மையில் சுழித்துவிடாதே.

விஷயம் இதுதான். கௌசிக்கின் மனைவி, என் மருமகள் தனப்பிரியாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. தை பிறக்கும் சமயத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் அதன் நாக்கில் சேனை தொட்டு வைக்க நீ வரவேண்டும். முதல் இனிப்பை யார் கையால் தொட்டு வைக்கிறோமோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது உனக்குத் தெரியாததல்ல. உன் பேச்சும் சர்க்கரை, உன் மனசும் சர்க்கரை. உன்னைவிட நல்ல கை எங்கே இருக்கிறது?

கௌசிக் மாதம் ஒருமுறை செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வெல்லம் கொண்டு வரும்போது அம்மாபேட்டையில் உன்னைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறான் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொன்னதில்லை. இந்த மாதம் வரும்போது நம் ஆலையில் காய்ச்சிய சர்க்கரை இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். காபிக்குப் போட்டுக்கொள்.

பழையதை மறந்துவிடலாம்.

இப்படிக்கு,
மஞ்சுளா


அம்மாபேட்டை, சேலம்
13.11.2024

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. சர்க்கரையும் வந்தது. அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இனி எழுத்திலேயே பேசுவோம். பேச்சில் சொன்னதை மறுநாள் இல்லை என்று சொல்லிவிடலாம். எழுதியதைச் சொல்ல முடியாது.

சென்ற வாரம் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். ஒரு சொல், அதன் நேரான பொருளில் ஒரு வாக்கியம், வேறு பொருளில் ஒரு வாக்கியம். சொல்: சர்க்கரை. உங்கள் கடிதம் கைப்பையில் இருந்ததால்தான் அந்தச் சொல் வாயில் வந்திருக்க வேண்டும். 'நல்ல செய்தி சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்' என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் இப்படி எழுதினாள்: 'அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் எங்கள் வீட்டில் சர்க்கரை இல்லை.' அந்தத் தாளை நான் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

நம் வீட்டில் அந்தச் சொல் புழங்கிய விதத்தை நானும் எழுதிப் பார்த்தேன்.

எனக்கு இருபத்தொரு வயதில் நிச்சயம் நடந்தது. இரண்டு வீட்டாரும் கடைவீதிக்குப் போய் உப்பும் சர்க்கரையும் வாங்கி மாற்றிக்கொண்டார்கள். இருபது நாளில் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை. அதன் பிறகு ஊரில் என் பெயர், 'உப்புச் சக்கரை மாத்தி நின்னுபோன புள்ளை.'

இரண்டு மாதம் கழித்து உங்களுக்குக் கௌசிக் பிறந்தான். நான்தான் சேனை வைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். வைத்தேன். அன்றிலிருந்து அவனை 'சக்கரை' என்று கூப்பிட்டேன். பள்ளியில் சேரும்வரை அவன் பெயர் கேட்டால் அதைத்தான் சொல்வான்.

ஒன்பதாவது வயதில் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் அவனுக்கு ரத்தத்தில் சர்க்கரை, ஆயுள் முழுக்க ஊசி என்று சொன்னார்கள். வராந்தாவில் இருபது பேர் பார்க்க நீங்கள் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினீர்கள். "பொறந்தன்னிக்கு இந்த வெரல்ல நீ தொட்டு வெச்ச சக்கரைதான்டி இன்னைக்கு எம்பையன் ரத்தத்துல ஓடுது. போதுமா? நெறஞ்சுதா?" என்றீர்கள். வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். மறுக்க முடிந்தால் மறுக்கவும்.

அதன் பிறகு அந்தச் சொல்லையே உங்கள் வீட்டிலிருந்து எடுத்துவிட்டீர்கள். வெல்லம் காய்ச்சும் வீட்டில், மளிகைச் சீட்டில் 'அது ரெண்டு கிலோ' என்று எழுதுவீர்களாம். கௌசிக் சொல்லிச் சிரித்தான்.

பதினாறு வருடம் எழுதாத சொல்லை இப்போது ஒரே பக்கத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு என் மேல்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் கௌசிக் கல்யாணத்தில் வாசலில் கற்கண்டுத் தட்டோடு நின்றீர்கள். நான் வந்ததும் தட்டை அந்தப் பக்கம் நகர்த்தினீர்கள். நான் சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அதே கை இப்போது என் விரலைக் கேட்கிறது. ஏன்? பிறக்கப் போகும் குழந்தைக்கும் ஏதாவது வந்தால் காட்டுவதற்கு ஒரு விரல் தேவைப்படுகிறதா?

கௌசிக் வந்து கேட்டபோது நான் ஒன்று சொன்னேன். உன் அம்மா கூப்பிட்டால் வருகிறேன் என்றேன். நீங்கள் கூப்பிட மாட்டீர்கள் என்று நினைத்துச் சொன்னது அது.

கலைமணி


ஜேடர்பாளையம்
20.11.2024

கலைமணிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன் அண்ணனிடம் கொடுத்தேன். முதல் பக்கம் பாதி படித்துவிட்டு, "மோட்டாரு போட்டுட்டு வந்தர்றேன்" என்று போனவர் இருட்டித்தான் வந்தார். உன் அண்ணன் குமாரசாமி கவுண்டர் எந்தச் சண்டைக்கு நடுவில் நின்றிருக்கிறார், இதற்கு நிற்க?

ஈரோட்டில் நான் சொன்னதை மறுக்கவில்லை. 'நெறஞ்சுதா' என்று கேட்டது நான்தான்.

கற்கண்டுத் தட்டை நகர்த்தியதும் நிஜம்தான். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. அத்தனை பேர் முன்னால் நான் நீட்டி, நீ வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்துவிட்டேன். பயத்தில் தட்டு தானாக நகர்ந்தது. நீ நம்பமாட்டாய்.

இப்போது எதற்குக் கூப்பிடுகிறேன் என்று கேட்கிறாய். நானாகக் கூப்பிடவில்லை. கௌசிக் ஒற்றைக்காலில் நிற்கிறான். "அத்தை கை பட்டுத்தான் நானு இப்படி இருக்கறன். எங்கொழந்தைக்கும் அத்தைதான் வெக்கோணும். இல்லீன்னா ஆரும் வெக்க வேண்டாம்" என்கிறான். தினமும் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டே இதைச் சொல்கிறான்.

தனப்பிரியா வேறு நர்சிங் படித்தவள். அவள், "யாரு கையும் வேண்டாமுங்க அத்தை, தாய்ப்பால் மட்டுந்தான்" என்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் இதற்கே வாரம் ஒரு சண்டை. நீ வந்து ஒரு பேச்சுக்காவது நின்றால் அவன் அடங்குவான்.

குழந்தைக்கு ஏதாவது ஆனால் உன்னைக் காட்டுவேன் என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் செய்ய மாட்டேன். உன் விரலில் ஒரு தப்பும் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். கௌசிக் கைக்குழந்தையாக இருந்தபோது யார் தூக்க வந்தாலும் குழாயடிக்குத் துரத்திக் கை கழுவ வைத்தவள் நீ. உன் அப்பாவையே துரத்தினாய்.

இன்னொன்று. முன்பெல்லாம் 'நங்கை' என்று கூப்பிடுவாய். கடிதத்தில் 'அண்ணி' என்று எழுதியிருக்கிறாய். படித்த பெண், சரியான சொல்லைத்தான் போடுவாய். புரிந்துகொண்டேன்.

மஞ்சுளா


அம்மாபேட்டை
27.11.2024

அண்ணிக்கு,

மற்றதையெல்லாம் தள்ளி வைக்கிறேன். ஒரு வரிக்கு மட்டும் விளக்கம் வேண்டும்.

'உன் விரலில் ஒரு தப்பும் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.'

எப்படித் தெரியும்? அன்றைக்கு என்றால் என்றைக்கு? வராந்தாவில் என் கையைத் தூக்கிக் காட்டினீர்களே, அன்றைக்கா? தெரிந்துகொண்டே தூக்கினீர்களா?

டாக்டர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொன்னார். இது யாரும் எதையும் கொடுத்து வருவதல்ல, அவன் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான் என்றார். நான் முதுகலை படித்தவள். நம்பினேன். நம்பிக்கொண்டே என் விரலைப் பார்த்தேன். என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தபோது, "நீங்களே சேனை வெச்சு விடுங்க மேடம்" என்று ஆசையாகக் கூப்பிட்டாள். சளி பிடித்திருக்கிறது என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு பேர் கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் சளி. கல்லூரியில் எனக்குத் தீராத சளி என்று பெயர்.

இவ்வளவும் உண்மை தெரியாமல் நடந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆத்திரத்தில் ஒரு தாய் பேசியது என்று. நீங்கள் அன்றைக்கே தெரியும் என்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்தால் நான் மட்டும் சுத்தம் என்று ஆகிவிடும். அந்தப் பழியோடு எனக்கு ஒன்று கிடைத்தது. கௌசிக் டம்ளரில் கடைசி வாய் டீயை மிச்சம் வைப்பான். நானும் வைப்பேன். படித்த பேப்பரை நான்காக மடிப்பான். கோபம் வந்தால் கத்தமாட்டான், இரண்டு நாள் பேசமாட்டான். 'அத்தை வெச்ச சேனை' என்று ஊரே சொல்லும். கல்யாணம் ஆகாதவளுக்குத் தன் குணத்தில் ஒரு பிள்ளை. பழி எவ்வளவு கசந்தாலும் இந்த ஒன்றுக்காக நான் அதைக் கீழே போடவில்லை. அவன் மாதம் ஒருமுறை வந்து என் சமையலறை முக்காலியில் உட்காரும்போது, என் விரல் செய்த தப்பையும் என் விரல் செய்த பிள்ளையையும் சேர்த்தே பார்க்கிறேன்.

ஆகவே எனக்குப் பதில் வேண்டும். பூசி மெழுகாமல்.

கலைமணி


ஜேடர்பாளையம்
9.12.2024

கலைமணிக்கு,

பத்து நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

கௌசிக் இங்கே பக்கத்து வேலூரில் சின்ன ஆஸ்பத்திரியில் பகல் பதினொன்றரைக்குப் பிறந்தான். நீ நாமக்கல்லில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். உன் அம்மா உனக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நீ வரும்வரை பிள்ளை வாயில் யாரும் எதையும் வைக்கக் கூடாது என்று வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். "எம்பொண்ணுதான் வெக்கோணும். அவ கை ராசியில்லாத கைன்னு சொன்னவனெல்லாம் பாக்கோணும்" என்றார்கள். அவர்களுக்குத் தன் மகள் பெரிது. எனக்கு என் மகன்.

உன்னிடம் எதை மறைக்க? எனக்குப் பயம். உப்புச் சர்க்கரை மாற்றி நின்றுபோன பெண், இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கை முதலில் பட்டால் என் பிள்ளைக்கும் எல்லாம் பாதியில் நின்றுபோகும் என்று நினைத்தேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு இருபத்துநாலு வயது. மாமியாரை எதிர்த்துப் பேசத் தைரியமில்லை. ஆனால் மாமியார் டீ குடிக்கப் போன நேரத்தில் கை நீட்டத் தைரியம் இருந்தது.

பையில் கொஞ்சம் இனிப்பு இருந்தது. என் விரலில் ஒட்டும் அளவு எடுத்து அவன் நாக்கில் நானே வைத்துவிட்டேன். அவன் சப்புக்கொட்டினான். அரை மணி நேரம் கழித்து நீ வந்தாய். உன் அம்மா கிண்ணத்தை நீட்டினார்கள். நீ எவ்வளவு பயபக்தியோடு தொட்டு வைத்தாய் என்று நான் கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பாகக்கூட வந்தது. ஏமாற்றிவிட்டேன் என்று.

அதனால் முதல் விரல் என்னுடையது.

ஈரோட்டில் டாக்டர் சொல்லி முடித்ததும் எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் ஞாபகம் வந்தது. டாக்டர் பேச்சு எனக்கு ஏறவில்லை. என் விரலை நான் பார்க்கவே முடியவில்லை கலைமணி. அது என் கையிலேயே இருந்தது. அதனால் உன் விரலைப் பிடித்துத் தூக்கினேன். 'நெறஞ்சுதா' என்று நான் கேட்டது உன்னை அல்ல.

இது உன் அண்ணனுக்குத் தெரியாது. கௌசிக்குக்குத் தெரியாது. உன் அம்மா தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார்கள். அவன் 'அத்தை சேனை, அத்தை சேனை' என்று உன்னைக் கொண்டாடும் ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். சொல்லவா வேண்டாமா? சொன்னால் உன் மேல் இருக்கும் பழி நீங்கும். அவனுக்கு அத்தையும் போய்விடும். நீயே ஒன்று சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

மஞ்சுளா


அம்மாபேட்டை
16.12.2024

அண்ணிக்கு,

நீங்கள் எழுதியதை நம்ப விரும்புகிறேன். அதனால்தான் நம்பாமல் இருக்கிறேன்.

மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். நாத்தனார் வரமாட்டேன் என்கிறாள். பழியை நானே எடுத்துக்கொண்டேன் என்று ஒரு கதை சொன்னால் அவள் இளகி வந்துவிடுவாள். இதுவும் ஒரு இனிப்பாக இருக்கலாம். மருந்து கசக்கும் என்று குழந்தைக்கு மேலே தடவிக் கொடுப்பது போல. உங்கள் முதல் கடிதத்தில் என் மனசு சர்க்கரை என்று எழுதியவர்தானே நீங்கள்.

ஒரே கேள்வி. அந்தப் பையில் இருந்தது என்ன இனிப்பு? தேனா, கற்கண்டா, வேறு ஏதாவதா? அதை மட்டும் எழுதுங்கள். வேறு ஒரு வரியும் வேண்டாம்.

கலைமணி


ஜேடர்பாளையம்
20.12.2024

(அஞ்சலட்டை)

சர்க்கரை. நாட்டுச் சர்க்கரை. பிரசவத்துக்குப் போகும்போது காபிக்கு ஆகும் என்று எங்கள் அப்பா தன் ஆலையில் காய்ச்சியதில் ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்திருந்தார். உன் அம்மா கிண்ணத்தில் கரைத்து வைத்திருந்தது கடையில் வாங்கிய அஸ்கா. வெள்ளையாக இருந்தால்தான் சுத்தம் என்பார்கள். அதை நான் தொடவில்லை.

எதற்குக் கேட்கிறாய்?

மஞ்சுளா


அம்மாபேட்டை
26.12.2024

நங்கைக்கு,

எதற்குக் கேட்டேன் என்று சொல்கிறேன்.

அன்றைக்கு அம்மா கிண்ணத்தை நீட்டியதும் நான் குனிந்து அவனைப் பார்த்தேன். வாயோரத்தில் பழுப்பாக ஒரு பொட்டு இருந்தது. கடுகில் பாதிகூட இருக்காது. பிறந்த குழந்தை உடம்பில் ஏதோ ஒட்டியிருக்கிறது, சரியாகத் துடைக்கவில்லை என்று நினைத்தேன். என் விரலால் அதை எடுத்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. அப்போதே ஏதோ ஒன்று மனதில் தட்டியது. இருபத்தைந்து வருடமாக அதற்குப் பெயர் தெரியாமல் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஒன்றுமே இல்லை என்று நினைத்திருந்தேன். நீங்கள் வெள்ளை அஸ்கா என்றோ தேன் என்றோ எழுதியிருந்தால் உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

அஞ்சலட்டையைப் படித்துவிட்டு மாடிக்குப் போய் நின்றேன். கீழே எங்கள் தெருவில் தறிச் சத்தம். முதலில் வந்தது கோபம். பதினாறு வருடம் நங்கை! என் அம்மா சாகும்போது உங்கள் வீட்டுக்கு வந்து மூன்றாம் மனுஷி போல வாசலோடு திரும்பினேன். கௌசிக்குக்கு முதல் ஊசி போட யார் கற்றுக்கொடுத்தார்கள், வலித்ததா, பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தானா, எதுவும் எனக்குத் தெரியாது. இதையெல்லாம் ஒரு அஞ்சலட்டை திருப்பித் தந்துவிடாது. மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

கோபம் இறங்கியதும் வேறொன்று வந்தது. அப்படியானால் அவன் என் குணம் இல்லை. அந்தக் கடைசி வாய் டீ என்னுடையது இல்லை. பழி போனதில் எனக்குச் சந்தோஷம் வரவேண்டும் அல்லவா? வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனது போல இருந்தது. இந்த நம்பிக்கையெல்லாம் வெறும் வழக்கம் என்று வகுப்பில் சொல்பவள் நான். அதைச் சொல்லிக்கொண்டே இத்தனை வருடம் அதிலேதான் வாழ்ந்திருக்கிறேன் போலிருக்கிறது.

பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்தப் பொட்டை எடுத்த விரலை நான் கழுவவில்லை. அதே விரலைத்தான் அம்மா கிண்ணத்தில் தொட்டு அவன் நாக்கில் வைத்தேன். உங்கள் சர்க்கரையும் அம்மாவின் அஸ்காவும் ஒரே விரலில் போயிருக்கின்றன. முதல் எது, இரண்டாவது எது என்று இனி யாரும் பிரிக்க முடியாது.

சொல்லவா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். கௌசிக்கிடம் சொல்லுங்கள். குழந்தை பிறப்பதற்கு முன்னால், உங்கள் வாயால். அவன் என்னைக் கொண்டாடுவதாக இருந்தால் உண்மை தெரிந்து கொண்டாடட்டும். விட்டுவிடுவதாக இருந்தாலும் அப்படியே. நீங்கள் சொல்லும்வரை நான் வரமாட்டேன். இதில் எனக்குத்தான் நஷ்டம் வரலாம் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

கலைமணி


ஜேடர்பாளையம்
18.1.2025

அன்புள்ள கலைமணிக்கு,

பெண் குழந்தை. பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இரண்டே முக்கால் கிலோ. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உன் அண்ணன் இந்த ஒரு வாரமாக மோட்டார் போடவே போகவில்லை. தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

கௌசிக்கிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் தேதி சொன்னேன். ஆலையில் கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அவன் பாகை வாயில் வைத்துப் பார்க்க மாட்டானே, ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தான். உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டான். ஆஸ்பத்திரிக் கட்டில், பொட்டலம், வராந்தா, எல்லாம். நான் அழுவேன் என்று நினைத்தேன், அழவில்லை.

கேட்டுவிட்டு, "ஏம்மா, அப்ப என்ர பிடிவாதமெல்லாம் உன்ரதா? இருவத்தஞ்சு வருசமாப் பாவம், அத்தை தலையில கட்டிட்டயே!" என்றான். அங்கே வேலை செய்த ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் அதோடு எழுந்து போனவன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கத்தவில்லை, தட்டைத் தள்ளவில்லை. சாப்பிட்டான், பேப்பரை நான்காக மடித்து வைத்தான், போனான். எனக்குக் கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும். இப்படி வாயை மூடிக்கொண்டு ஆளைக் கொல்வது என் வழியில் இல்லை கலைமணி. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் வந்து, "அத்தைக்கு இது தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

"என்ன சொல்லுச்சு?"

"உங்கிட்டச் சொல்லச் சொல்லுச்சு. சொன்னாத்தான் வருமாம்."

"அப்பச் சரி. வரச் சொல்லு" என்றான்.

சேனை விஷயத்தில் தனப்பிரியா ஜெயித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே என்னிடமும் அவள் அம்மாவிடமும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலத் தவுத்து ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுங்க. சக்கரையும் வேண்டாம், அஸ்காவும் வேண்டாம், தேனும் வேண்டாம். ஆரு வெரலும் வேண்டாமுங்க." எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தப் பிள்ளைக்கு எது வந்தாலும், நல்லதோ கெட்டதோ, காட்டுவதற்கு ஒரு விரல் இருக்காது. ஆறாம் மாதம் ஆனிக் கடைசியில் சோறூட்டு. அதற்கு நீதான் என்று கௌசிக் சொல்லிவிட்டான். ஆனால் அதுவரை காத்திருக்காதே. இப்போது வா.

மளிகைச் சீட்டில் இந்த மாதம் 'சர்க்கரை' என்றே எழுதினேன். கடைக்காரர் போன் செய்து, "புதுசா என்னமோ எழுதியிருக்கீங்களேங்க" என்று கேட்டார்.

கடைசியாக ஒன்று. உன் கடிதத்தில் விரலைக் கழுவவில்லை என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நீ பஸ்ஸில் இருந்து வந்ததும் நேரே குழாயடிக்குப் போனதைக் கட்டிலில் இருந்து பார்த்தவள் நான். குழந்தை வாயில் இருந்து எதையோ எடுத்துவிட்டு, கழுவாமல் அதே விரலைத் திரும்ப அவன் வாயில் வைக்கிற ஆளா நீ? முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்காகச் சொன்னாயோ, உனக்காகச் சொன்னாயோ என்று. இரண்டு நாள் யோசித்தேன். இப்போது கேட்கப் போவதில்லை. நீயும் சொல்லாதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தால் கௌசிக் வேலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பான். எதுவும் வாங்கி வராதே. குழாயடியில் புது சோப்பு வைத்திருக்கிறேன்.

உன் நங்கை,
மஞ்சுளா